சேவியர் பெயருக்கு வந்த கடிதங்கள்

ஜூலை 3, வியாழன்

விடியற்காலையிலிருந்து சாரல். மேற்கே மலையே தெரியவில்லை. திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்க ஆள் சொல்லியிருந்தேன். இந்த ஈரத்தில் அடித்தால் அத்தனையும் கழுவிக்கொண்டு போகும். நாளைக்கு. பழம் வெட்ட இன்னும் பன்னிரண்டு நாள். அதுவரை வானம் கொஞ்சம் சும்மா கிடந்தால் போதும்.

பழைய பேப்பர் நாற்பது கிலோ வந்து இறங்கியது. திராட்சைப் பெட்டிக்கு அடியில் விரிக்க. பாதிக்கு மேல் மலையாளப் பேப்பர். தோட்டத்து வேலைக்கு வரும் பேச்சியம்மாவிடம் விட்டால் எது விளையாட்டுப் பக்கம் என்று பார்க்காமல் மடித்துத் தள்ளிவிடுவாள். நானே உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம். கிடைத்தவை:

– பெண்கள் அணி கீப்பர் ஸ்டம்பிங் செய்யும் படம். முழுக் கலர். ஓரத்தில் டீக்கறை, பரவாயில்லை.
– பழைய நடுவர் ஒருவரின் பேட்டி, இரண்டு பக்கம். இரண்டாவது பக்கம் காணோம். இன்னொரு கட்டில் இருக்கலாம், தேட வேண்டும்.
– மலையாளக் குறுக்கெழுத்து, என் வீட்டுக்காரருக்கு. அவருக்கு மலையாளம் தெரியாது. இருந்தாலும் கட்டங்களை நிரப்பி விடுவார்.

பேச்சியம்மா: "புஷ்பக்கா, இப்பிடி ஒவ்வொரு தாளா உருவி வச்சுக்கிட்டீகன்னா பெட்டிக்கு எத விரிக்கிறது? என் சேலையவா?"

மத்தியானம் தம்பி சேவியர் தேனியிலிருந்து வந்தான். பைக்கில், தொப்பலாக நனைந்து. பிளாஸ்டிக் கவருக்குள் மட்டும் நனையாத அழைப்பிதழ். நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர் சங்கம் விளையாட்டு அறை ஒன்று கட்டியிருக்கிறது, இவன்தான் சங்கச் செயலாளர். 13ஆம் தேதி திறப்பு. எட்டு கண்ணாடி பீரோ என்று இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே என்ன வைக்கப்போகிறார்கள் என்று நானும் கேட்கவில்லை. இன்று அழைப்பிதழில் நான்காவது வரியில் தெரிந்துகொண்டேன்:

"திரு. ச. சேவியர் அவர்களின் வாழ்நாள் கிரிக்கெட் சேகரிப்பு மாணவர்களின் பார்வைக்கு வைக்கப்படும்."

இரண்டு தடவை படித்தேன். எழுத்து மாறவில்லை.

"எல்லாம் இங்கன பெட்டிக்குள்ள தூங்குதுக்கா. பிள்ளைக பாக்கட்டும். ஒனக்குச் சந்தோசம்தான?"

"ம்."

"சீட்டு மட்டும் நீ எழுதிக் குடுத்துரு. எது எந்த வருசம், யாரு என்னன்னு எனக்கு எங்கன தெரியும்?"

வாழ்நாள் சேகரிப்பு அவனுடையது. எது என்னவென்று மட்டும் அவனுக்குத் தெரியாது. அயிரை மீன் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நான் கொடுத்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு போனான். காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும் அவனுக்கு.

ஜூலை 4, வெள்ளி

சாரல் விட்டது, காற்று மட்டும். மருந்தடித்தாயிற்று. கிழக்குப் பக்கம் நாலு கொத்தில் வெடிப்பு. அறுத்துப் போட்டோம்.

மா. 4 மணிக்குத் தகரப்பெட்டி இரண்டையும் பரணிலிருந்து இறக்கினோம். திறந்ததும் வசம்பு வாசனை. பூச்சி வராமலிருக்க ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுத் துண்டு போடுவேன். பூச்சி உருண்டை போட்டால் கலர் மங்கும் என்று எனக்கு ஓர் எண்ணம். உண்மையா என்று தெரியாது.

கணக்கெடுத்தது:

சூயிங்கம் அட்டை, அறுபதுக்கு 57. இல்லாதவை 11, 34, 52. (34-ஐ யாரும் பார்த்ததில்லை. அப்படி ஒன்று அச்சடிக்கவே இல்லை என்பது என் முடிவு.)
நடுப்பக்கப் படங்கள் 112.
ரேடியோ கேட்டு எழுதிய ஸ்கோர் நோட்டு 19.
புத்தகம் 23. பெரும்பாலும் மதுரை பழைய புத்தகக் கடைகள். ஒன்று விக்கெட் கீப்பிங் பற்றி மட்டுமே, அட்டை கிடையாது, முதல் பதினாறு பக்கமும் கிடையாது. அதைத்தான் அதிகத் தடவை படித்திருக்கிறேன்.
சென்னை ஆட்ட டிக்கெட் 1. தூணுக்குப் பின்னால் இடம். பாதி மைதானம்தான் பார்த்தேன், அந்தப் பாதியில் நடந்த எல்லாம் ஞாபகம் இருக்கிறது.
கீப்பர் கையுறைக்கு உள்ளே போடும் மெல்லிய கையுறை, இடது கை, 1.
கடிதம் 9.

அட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு மணி நேரம் வேறு எதுவும் செய்யவில்லை. ஏழாம் நம்பரில் இருக்கிற வேகப்பந்துக்காரர் கேமராவைப் பார்த்துச் சிரிக்க முயன்று தும்மப் போகிறவர் மாதிரி நிற்கிறார். முப்பத்தெட்டு வருடமாகத் தும்மவில்லை. பத்தொன்பதில் ஆள் ஒருவர், பெயர் வேறொருவர். அச்சுக்காரன் தப்பு. அந்த அட்டை என்றால் எனக்கு உயிர்.

பெண் பிள்ளை கடையில் நின்று சூயிங்கம் வாங்கக் கூடாது. அதனால் சேவியர் போவான். ஒப்பந்தம்: அட்டை எனக்கு, சூயிங்கம் அவனுக்கு. ஒரு நாள் ஆறு சூயிங்கத்தை ஒன்றாகப் போட்டு மென்று தாடை வீங்கிப் படுத்துவிட்டான். அம்மா பொன்னுக்கு வீங்கி என்று நினைத்துத் தன் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டாள். மூன்று நாள் சங்கிலியோடு பள்ளிக்கூடம் போகாமல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வீரபாண்டித் திருவிழாவில் வாங்கிய பெரிய படமும் இருந்தது, மடிப்பில் கிழிந்து. அன்றைக்கு ராட்டினத்துக்குக் கொடுத்த காசில் வாங்கினேன். அவன் மட்டும் ஏறிச் சுற்றினான். நான் கீழே நின்று படத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை அன்றைக்கு.

ஜூலை 5, சனி

வெயில். மோட்டார் ஓடவில்லை, ஒரு பேஸ் கரண்ட் இல்லை. மாலை வந்தது.

கடிதங்களை இன்றுதான் தொட்டேன். ஒன்பதும் என் கீப்பரிடமிருந்து வந்தவை. பெயரை இங்கேயும் எழுதமாட்டேன், அந்தக் காலத்துப் பழக்கம். மாநில அணிக்கு வெகுகாலம் ஆடினார். இந்திய அணியோடு இரண்டு தடவை வெளியூர் போய், இரண்டு தடவையும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். ரேடியோவில் அவர் பெயர் வருவது தண்ணீர் கொண்டுபோகும்போது. அதற்காகவே தண்ணீர் இடைவேளையில் ரேடியோவை விட்டு நகரமாட்டேன்.

ஏன் அவரைப் பிடித்தது என்று கேட்டால், கீப்பர் ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து நிமிர்கிறவர். நூறு பிடித்தால் ஒருவரும் பேசுவதில்லை, ஒன்றை விட்டால் ஊரே பேசும். பந்தலுக்குக் கவாத்து வெட்டுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

முதல் கடிதம் எழுதியபோது எனக்கு 13, எட்டாம் வகுப்பு. இங்கிலீஷ் என்னை விட்டால் வீட்டில் யாருக்கும் வராது. எனக்கும் பாதி ரேடியோவில் கேட்ட இங்கிலீஷ்தான். எழுதி முடித்து, அனுப்புநர் பெயர் போடும் இடத்தில் கை நின்றது. தபால்காரர் டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசித்துத்தான் கடிதம் கொடுப்பார். வயசுப் பெண் பெயருக்கு வெளியூர் ஆம்பளையிடமிருந்து கடிதம் என்றால் அன்றோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. சேவியர் பெயரைப் போட்டேன். பத்து வயது அவனுக்கு. கேட்டுவிட்டுத்தான் போட்டேன். "போட்டுக்க" என்றான், வாயில் சூயிங்கம்.

இருபத்திரண்டு நாளில் பதில் வந்தது. அன்புள்ள சேவியர் என்று ஆரம்பம்.

ஆறு வருடம் எழுதினேன். நான் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுவார். இடுப்பு வலிக்காதா என்று கேட்டதற்கு, வலிக்கும், என் மனைவிக்குச் சொல்லாதே என்று எழுதினார். ஐந்தாவது கடிதத்தோடுதான் கையுறை வந்தது. ஜோடியில் மற்றதை அவர் வீட்டு நாய் தின்றுவிட்டதாம்.

நோட்டுகளுக்கு நடுவில் சேவியர் எழுதிய ஒரு தாளும் அகப்பட்டது. எனக்கு மஞ்சள் காமாலை வந்து வருசநாட்டில் அத்தை வீட்டில் கீழாநெல்லி குடித்துக்கொண்டு கிடந்தேன். ஆட்டம் ஒன்று போய்விடுமே என்று அழுதிருந்தேன். திரும்பி வந்தபோது இந்தத் தாளை நீட்டினான். கமெண்டரி இங்கிலீஷில். அவனுக்கு ஒரு வார்த்தை விளங்காது. கூட்டம் சத்தம் போட்டபோதெல்லாம் ஒரு கோடு போட்டிருக்கிறான், நாள் முழுக்க. 61 கோடு. கீழே: "பெரிய சத்தம் 7. அழுவது போல் சத்தம் 4." பிறகு பேப்பரில் பார்த்தேன். அன்றைக்கு நம் பக்கம் விழுந்தது நாலே விக்கெட்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு அவன் மேல் எப்படிக் கோபப்படுவது?

ஜூலை 7, திங்கள்

மறுபடி மூடாப்பு. மழை இல்லை.

சீட்டு எழுத ஆரம்பித்தேன். வெள்ளை அட்டை, கறுப்பு மை. இன்று 41 முடிந்தது. சில:

"படம் நெ. 14. ஏலக்காய் வியாபாரி ஒருவர் கடைச்சுவரில் ஒட்டியிருந்தது. கடைக்கு வெள்ளையடிக்குமுன் ஈரத் துணி வைத்து உரித்தெடுத்தது."

"படம் நெ. 60. திராட்சைப் பெட்டிக்கு விரித்த மலையாளத் தாளிலிருந்து. ஊதாக் கறை திராட்சைச் சாறு."

"அட்டை நெ. 19. படமும் பெயரும் வேறு வேறு ஆட்களுடையவை. அச்சுப் பிழை. மிக அரிது."

எழுத எழுத உற்சாகம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யாராவது பார்க்கப்போகிறார்கள் என்பது இதுவரை நடக்காதது. என் வீட்டுக்காரர் இருபத்தைந்து வருடமாகப் பார்க்கிறார், ஆனால் அவருக்குக் கபடியைத் தவிர மற்ற எல்லா ஆட்டமும் ஒன்றுதான்.

பழம் பார்க்க பாபுச்சேட்டன் குமுளியிலிருந்து வந்தார். பதினேழு வருடமாக நம் தோட்டத்துப் பழம் எடுக்கிறவர். எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், பெட்டித் தாளில் இருந்த விளையாட்டுச் செய்திகளை வைத்து. இன்றும் ஒரு பழைய பத்திரிகை கொண்டுவந்தார். பழத்தைப் பார்க்க வந்தவர் கடிதங்களைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். ஒன்பதையும் வாசித்தார், உதடு அசைய.

"ஆரு சேச்சி இந்த சேவியர்?"

"என் தம்பி."

"மிடுக்கன்! ஆ வயசுல எந்து சோத்தியம் கேட்டிருக்கான்!"

மிடுக்கன் என்றால் கெட்டிக்காரன், சோத்தியம் என்றால் கேள்வி. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் போன பிறகு நெஞ்சு எரிந்தது, மத்தியானம் சாப்பிட்ட மொச்சைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். மொச்சை இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அழைப்பிதழை ஒரு முறை பார்த்தார்.

"அவன்ட்ட போயிச் சொல்ல வேண்டியதுதான, அது என்னுதுன்னு?"

"ஊரெல்லாம் அவனுதுன்னு ஆகிப்போச்சு. முப்பது வருசமா கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு சொல்லிட்டுத் திரியுறான், எனக்கு ஒரு கிரிக்கெட்காரக கடுதாசி போட்டாகன்னு. வேலைக்கு இண்டர்வியூ போனப்பக்கூடச் சொல்லியிருக்கான்."

"அவன் சொன்னான் சரி. நீ இதுவரைக்கும் அது என்னுதுன்னு சொல்லியிருக்கியா?"

ரசம் ஊற்றினேன்.

ஜூலை 9, புதன்

கா. 6 மணிக்குத் தூறல், பத்து நிமிடம். உயிர் போய் வந்தது.

சீட்டு 118 ஆயிற்று. கடிதங்களுக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. மத்தியானம் போனில் சேவியரைக் கூப்பிட்டேன். பந்தல்காரர், மைக்செட், பிரியாணிக்கு எத்தனை பேர் என்று பேசிக்கொண்டே போனான். இடையில் புகுந்தேன்.

"ஏலே, அந்தக் கடுதாசிகளுக்கு என்னான்னு சீட்டு எழுத?"

"எனக்கு வந்ததுன்னு எழுதுக்கா."

"வந்தது சரி. அவுகளுக்கு நம்ம பக்கமிருந்து போனது?"

அந்தப் பக்கம் லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"சேவியரு?"

"யக்கா, மைக்செட்காரன் லைன்ல வாரான். நான் பெறகு கூப்பிடுறேன்."

கூப்பிடவில்லை. மறந்துவிட்டானா, மறந்த மாதிரி இருக்கிறானா? எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருக்கிறது.

மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன், இங்கே யார் படிக்கப்போகிறார்கள்.

முதல் கடிதம் வந்த அன்று அப்பா டீக்கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். "எம்மவனுக்கு இங்கிலீசுல கடுதாசி வந்துருக்கு! இவன் எழுதிக் கேட்டுத்தான் அவுக எழுதியிருக்காக!" சேவியரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பையனை. நான் கதவோரம் நின்றேன். கடிதத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்ற தவிப்பில் வேறு எதுவும் ஓடவில்லை எனக்கு.

பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஐந்தாம் வகுப்பிலேயே இப்படி என்றால் இவன் ஊரில் இருக்க வேண்டியவன் இல்லை என்று சாமியார் சொல்லி, மதுரையில் விடுதியோடு இடம் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் வெளியே வைத்துப் படிக்கவைக்க முடியும் என்று அப்பா முன்னமே சொல்லியிருந்தார். அந்த ஒரு பிள்ளை அவன் ஆனான். நான் பத்தாவதோடு பந்தலுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களை அப்பா பிரிக்கமாட்டார். என் கையில் கொடுத்து, "தம்பிக்கு அனுப்பி வையி ஆத்தா" என்பார். அனுப்பி வைத்தேன் என்பேன். கடைசி வரை அவருக்குத் தெரியாது.

அவன் படித்ததில் எனக்குப் பொறாமை இல்லை. சத்தியமாக இல்லை. நன்றாகப் படித்தான், நல்ல வேலை, நல்ல பிள்ளை. தோட்டத்தை எனக்கே எழுதி வைக்கச் சொன்னவனும் அவன்தான். பந்தலுக்குக் கீழே நான் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கடிதங்களை எழுதிய பிள்ளை நான். இடுப்பு வலிக்காதா என்று கேட்டது நான். அது ஒன்று மட்டும் எனக்கு வேண்டும். அதைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டி, மேலே அவன் பெயரை எழுதிவிட்டால் பிறகு எப்போது வாங்குவது?

ஜூலை 10, வியாழன்

வெயில், காற்று. பழத்தில் நிறம் ஏறிவிட்டது.

முதல் பெட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம், நானும் பேச்சியம்மாவும், ஆட்டோவில். பேச்சியம்மா தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், பிள்ளை மாதிரி. "என்ன இருந்தாலும் நம்ம பேப்பரு" என்றாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக "நம்ம".

தலைமையாசிரியை சிஸ்டர் ஒவ்வொரு சீட்டாக நின்று படித்தார். ஊருக்குப் புதிது, வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"சேவியர் சார் திராட்சைத் தோட்டமும் பாக்குறாரா?"

"இல்ல சிஸ்டர். தோட்டம் நான் பாக்குறேன்."

"அப்ப பெட்டியில விரிச்ச பேப்பர்ல இருந்து படம் எடுத்தது?"

பேச்சியம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் பீரோ கதவின் கீலைப் பார்த்தேன். கீல் நன்றாகத்தான் இருந்தது. சிஸ்டர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் ஐந்தாவது பீரோ சாவியைத் தனியாகக் கழற்றி, "இதுல என்ன வைக்கிறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உங்கட்ட இருக்கட்டும்" என்றார்.

வரும் வழியில் பேச்சியம்மா: "கன்னியாஸ்திரிக்குப் புரிஞ்சுபோச்சு புஷ்பக்கா. கூடப்பொறந்தவருக்குத்தான் புரியல."

அவளை அதட்டினேன். என் தம்பியை நான் திட்டலாம், அவள் திட்டக் கூடாது.

ஜூலை 12, சனி

மழை இல்லை. மாதாவுக்கு நன்றி.

இரண்டு சீட்டு எழுதினேன்.

ஒன்று: "விக்கெட் கீப்பர் ஒருவர் திரு. சேவியருக்கு எழுதிய ஒன்பது கடிதங்கள்."

இரண்டு: "விக்கெட் கீப்பர் ஒருவர் எழுதிய ஒன்பது கடிதங்கள். சேவியர் என்ற பெயரில் அவருக்குக் கடிதம் எழுதியவர் சேவியரின் அக்கா புஷ்பம், வயது 13 முதல் 19 வரை."

இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுத் தோட்டத்தை ஒரு சுற்று. திரும்பி வந்து மறுபடி படித்தேன். இரண்டாவதில் "அக்கா" என்ற வார்த்தைக்கு முன் "அன்பு" போடலாமா என்று யோசித்தேன், போடவில்லை. அது கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "ரெண்டாவதுல கையெழுத்து நல்லாருக்கு" என்றார். எனக்கு அது போதும்.

மா. 5 மணி. இரண்டாவதைக் கடிதங்களுக்குக் கீழே ஊசி குத்தி வைத்து, பூட்டி, சாவியைச் சிஸ்டரிடம் கொடுத்தேன். சேவியர் வெளியில் பந்தல்காரரிடம் கத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கையாட்டினான். ஐந்து நிமிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நின்றேன். சொன்னால் எடுக்கச் சொல்வான், அவன் முகத்தைப் பார்த்தால் எடுத்தும் விடுவேன். ஆட்டோ ஏறினேன்.

அவனுக்கு இருநூறு பேர் முன்னால் தலைக்குனிவு வரும். அதுவும் தெரிந்துதான் செய்கிறேன். வீம்பா, நியாயமா? இரண்டும்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் தெளிவான வானம். இப்போது மா. 6. சரியாக நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

பூசைக்கு முதல் வரிசையில் சேவியர், புது வேட்டி சட்டை. நான் பின்னால். ஒரு வார்த்தைகூட மனதில் பதியவில்லை.

பத்தரைக்கு ரிப்பன். விருந்தினர்கள், பெற்றோர், பிள்ளைகள், நிற்க இடமில்லை. சேவியர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு பீரோ பீரோவாக அழைத்துப் போனான். சீட்டுகளைச் சத்தமாக வாசித்தான். அப்படி ஒரு ஏற்பாடு இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வைத்திருப்பேனா? தெரியவில்லை.

முதல் பீரோ. இரண்டாவது. பத்தொன்பதாம் நம்பர் அட்டைக்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குப் பெருமை ஒரு பக்கம், ஐந்தாவது பீரோ ஒரு பக்கம். திராட்சைச் சாற்றுக் கறையை வாசித்தபோது அவன் குரல் கொஞ்சம் மெதுவானது. நான்காவது பீரோவில் எல்லாச் சீட்டையும் வாசிக்கவில்லை.

ஐந்தாவது.

"விக்கெட் கீப்பர் ஒருவர் எழுதிய ஒன்பது கடிதங்கள். சேவியர் என்ற பெயரில்" என்று மைக்கில் வந்தது. அங்கேயே நின்றது. மைக் மட்டும் கீச்சென்று கத்தியது. மிச்சத்தை அவன் மனதுக்குள் படிப்பது பின்னாலிருந்தே தெரிந்தது. சட்டைக் காலரைத் தொட்டுக்கொண்டான், சின்ன வயதில் அப்பா முன்னால் நிற்கும்போது தொடுவது மாதிரி.

"கொஞ்சம் இருங்க" என்றான். சிஸ்டரிடம் சாவி வாங்கினான். பீரோவைத் திறந்து சீட்டை ஊசியோடு பிடுங்கி எடுத்தான்.

கிழிக்கப்போகிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கிழித்தால் கிழிக்கட்டும், இன்னொன்று எழுதுவேன், அதையும் கிழித்தால் அடுத்தது எழுதுவேன் என்று எனக்குள் ஓடியது. அந்த நேரத்தில் அவன் மேல் எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான்.

சிஸ்டரிடம் பேனா கேட்டான். சீட்டைச் சுவரில் வைத்துக் குனிந்து எதையோ எழுதினான். திரும்ப உள்ளே வைத்தான், ஊசியைக் குத்தினான், பூட்டினான். மைக்கை எடுத்து, "அடுத்தது புத்தகங்க" என்று ஆறாவதுக்கு நகர்ந்துவிட்டான். கூட்டமும் நகர்ந்தது. மைக்செட்காரர் சத்தத்தைக் கூட்டினார்.

எனக்கு அந்தப் பீரோ முன்னால் போய்ச் சேர வெகு நேரம் பிடித்தது. பத்தடிதான் இருக்கும். கண்ணாடியில் என் முகமே தெரிந்து எழுத்தை மறைத்தது, பக்கவாட்டில் நகர்ந்து நின்று படித்தேன். என் கறுப்பு மைக்குக் கீழே, சிஸ்டரின் பச்சை மையில், சாய்ந்து சாய்ந்து:

"சேவியருக்கு அப்போது இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. அக்காதான் எழுதியது என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. மதுரைக்கு அனுப்பியபோதும் சொல்லவில்லை. – சே."

மறக்கவில்லை அவன். ஒரு நாள்கூட மறக்கவில்லை. பதினோரு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியபோதே தெரிந்துதான் ஏறியிருக்கிறான்.

அங்கேயே நின்று அழுதேன். பேச்சியம்மா முந்தானையை நீட்டினாள், துடைத்துக்கொண்டேன். பிரியாணிக்குப் போகவில்லை, அவனிடம் பேசவும் இல்லை, வீட்டுக்காரரோடு ஆட்டோவில் வந்துவிட்டேன். வந்ததிலிருந்து கை வேலை ஓடவில்லை. நாளை மறுநாள் வெட்டு, ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், பாபுச்சேட்டனுக்குப் போன் போட வேண்டும், பெட்டி எண்ணவில்லை.

வாசலில் பைக் சத்தம். அவன்தான். உள்ளே வராமல் வண்டி மேலேயே உட்கார்ந்திருக்கிறான். போய்க் கூப்பிட வேண்டும்.